கணக்கில் பலவீனம், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், சேர்ந்த பிறகு முதல் இரண்டு வருடத்துக்குள் கணக்குப் பாடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இந்தப் பக்கம். "கணக்கே தேவையில்லை, தைரியமாகச் சேருங்கள்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. "கணக்கு வராதவருக்கு இந்தப் படிப்பு எதற்கு" என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டையும் நம்பிக் கெட்டவர்கள் நிறைய.

எனக்குக் கணக்கு வராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம். பள்ளியில் விட்டுப்போன கணக்கைத் திரும்ப உட்கார்ந்து படிக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. "கம்ப்யூட்டர்தானே கணக்குப் போடப்போகிறது, நமக்கென்ன" என்ற எண்ணத்தோடு சேர்ந்தால் இரண்டாம் வருடம் மூச்சுத் திணறும். கணக்கே இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்பு கிடையாது.

ஆனால் அங்கே வரும் கணக்கில் பெரும்பகுதி பள்ளியில் உங்களைப் பயமுறுத்திய கணக்கு இல்லை. அதனால் பள்ளி மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த இடத்தில் சறுக்குகிறது என்று தெரிந்தால்தான் சேர்வதா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

கணக்கில் பலவீனம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. ஒருவருக்கு மனக்கணக்கு மெதுவாக வரும், கூட்டல் கழித்தலில் கைதவறும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இது பெரிய குறையே இல்லை. 17ஐ 23ஆல் பெருக்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆனால் ஆகட்டும்.

இன்னொருவருக்குப் பின்னம், அடுக்கு, இயற்கணிதம் என்று கீழ் வகுப்புப் பாடங்களில் எங்கோ ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். ஒரு வருடம் உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், ஆசிரியர் மாறியிருக்கலாம். அதற்கு மேலே கட்டிய எல்லாமே ஆடும். அதிகம் பேர் இந்த வகைதான். எளிதில் சரிசெய்யக்கூடியதும் இதுவே.

மூன்றாவது வகையைப் பலரும் கவனிப்பதில்லை. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள், ஆனால் வழிமுறையை மனப்பாடம் செய்தே வாங்கியிருப்பார்கள். "ஏன் அப்படி?" என்று கேட்டால் பதில் இருக்காது. கல்லூரியில் அதிகம் தடுமாறுவது இவர்கள்தான், ஏனென்றால் அங்கே கேள்வி மாதிரித் தாளில் இருந்த உருவத்திலேயே வராது. குறைந்த மதிப்பெண் வாங்கினாலும் "ஏன்" என்று கேட்டுப் பழகியவர் இவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்பேன்.

கணக்கைக் கண்டாலே பயம் என்பது தனி விஷயம். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

எனக்கு எது விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தாள், ஒரு பேனா. கால்குலேட்டர் வேண்டாம், நேரக் கெடுவும் வேண்டாம். இந்த ஏழையும் போட்டுப் பாருங்கள்:

1. 2/3 + 3/4 எவ்வளவு?
2. 2⁵ × 2³ என்பது 2இன் எத்தனையாவது அடுக்கு?
3. (3 + 4)² என்பதும் 3² + 4² என்பதும் சமமா?
4. ஓர் எண்ணிலிருந்து 4ஐக் கழித்து, வந்ததை 3ஆல் பெருக்கினால், அதே எண்ணின் இரு மடங்கைவிட 5 அதிகம் வருகிறது. அந்த எண் எது?
5. 2இன் எத்தனையாவது அடுக்கு 1024?
6. ஒரு சார்பு தனக்குக் கொடுக்கும் எண்ணை இரட்டித்து 1 கூட்டித் தரும். அதற்கு 3ஐக் கொடுத்து, வந்த விடையை மறுபடி அதற்கே கொடுத்தால் என்ன வரும்?
7. 4ஆல் வகுபடும் எண் எல்லாம் இரட்டை எண். ஓர் எண் இரட்டை எண் என்று மட்டும் தெரியும். அது 4ஆல் வகுபடுமா?

விடைகள்: (1) 17/12; (2) எட்டாவது அடுக்கு; (3) சமம் இல்லை, முதலாவது 49, இரண்டாவது 25; (4) 17; (5) பத்தாவது; (6) 15; (7) சொல்ல முடியாது, 8 வகுபடும், 6 வகுபடாது.

முதல் மூன்றில் தடுமாறினால் பின்னமும் அடுக்கும் திரும்பப் படிக்க வேண்டும். நான்காவதில் கணக்கைப் போடத் தெரிந்தும் வாக்கியத்தைச் சமன்பாடாக்க வரவில்லை என்றால், அதற்கு மட்டும் தனியாகப் பயிற்சி வேண்டும். புரோகிராமிங்கிலும் இதே வேலைதான் தினமும்: யாரோ வார்த்தையில் சொன்னதைக் குறியீட்டில் எழுதுவது. ஐந்தாவது மடக்கைக்கும் (லாகரிதம்) ஆறாவது ரிகர்ஷனுக்கும் (ஒரு சார்பு தன்னையே அழைப்பது) வாசல். ஏழாவதில் "வகுபடும்" என்று சட்டென்று சொல்லியிருந்தால் தர்க்கத்தில் கவனம் தேவை. "இது என்றால் அது" என்பதை "அது என்றால் இது" என்று திருப்பிப் படித்துவிடுகிறோம். நிரூபணத்தில் மதிப்பெண் போவதும், கோடில் (எழுதும் புரோகிராமில்) நிபந்தனை தவறாகப் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஏழும் சரியா? அப்படியானால் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பலவீனம் இல்லை.

படிப்பில் என்னென்ன கணக்குப் பாடங்கள் வரும்?

கல்லூரிக்குக் கல்லூரி அளவு மாறும், ஆனால் நான்கு பெயர்களை எங்கேயும் பார்க்கலாம்: டிஸ்க்ரீட் மேத்ஸ், கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவும் புள்ளியியலும். இவை தவிர, பெயரில் கணக்கு இல்லாத பாடங்களுக்குள்ளும் கணக்கு இருக்கும். அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், மெஷின் லேர்னிங், கிரிப்டோகிராஃபி எல்லாம் அப்படித்தான். சேருவதற்கு முன்பே பாடத்திட்டத்தை வாங்கி, எந்த செமஸ்டரில் எது வருகிறது, எதைத் தேறினால்தான் எதற்குப் போக முடியும் என்று பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்ரீட் மேத்ஸ் என்றால் என்ன? எல்லோரும் ஏன் அதைக் கண்டு பயப்படுகிறார்கள்?

கம்ப்யூட்டர் சயின்ஸின் சொந்தக் கணக்கு அது. கால்குலஸ் இடைவிடாமல் மாறும் அளவுகளைப் பற்றியது. டிஸ்க்ரீட் மேத்ஸ் தனித்தனியாக எண்ணக்கூடிய பொருள்களைப் பற்றியது. தர்க்கம், கணங்கள், சார்புகள், எண்ணும் முறைகள், கிராஃப், மீதி எண்கணிதம் (வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துப் போடும் கணக்கு), தொகுத்தறிதல் (இண்டக்ஷன்) ஆகியவை இதில் வரும்.

பயத்துக்குக் காரணம் கடினம் என்பதைவிடப் புதுமை. பள்ளியில் ஒரு கணக்கு என்றால் ஒரு வழிமுறை உண்டு, கடைசியில் ஓர் எண் வரும். இங்கே விடை ஒரு வாதமாக இருக்கும், சில சமயம் ஒரு பத்தியாகவே இருக்கும். அதனால் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவரும் இங்கே முதல் வாரம் விழிப்பார். கணக்கில் பின்தங்கியவருக்கு இது நல்ல செய்தி என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடம் பழைய கணக்கைக் கொஞ்சமாகத்தான் கேட்கிறது. ஏறக்குறைய எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறார்கள்.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவும் நெருக்கமானது. "உண்மை, பொய்" இரண்டையும் வைத்து இயற்கணிதம் போடலாம் என்று ஜார்ஜ் பூல் 1854இல் புத்தகமாக எழுதினார். அந்த இயற்கணிதத்தை மின்சுவிட்ச் சுற்றுகளில் ஓடவிடலாம் என்று கிளாட் ஷானன் 1937இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிபந்தனையும் அந்த வழியில்தான் ஓடுகிறது. உதாரணத்துக்கு, "வயது 18க்குக் குறையாமல் இருக்க வேண்டும், டிக்கெட்டும் இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை. உள்ளே விடக்கூடாதவர் யார்? "வயதும் குறைவு, டிக்கெட்டும் இல்லை" என்று எழுதினால் தவறு. வயது குறைவாக இருந்தாலும் சரி, டிக்கெட் இல்லாவிட்டாலும் சரி, ஏதாவது ஒன்று போதும். "உம்" என்பதை மறுத்தால் "அல்லது" ஆகிவிடும். டி மார்கன் விதி என்று இதற்குப் பெயர். இதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு ஒரு வகைப் பிழை கோடிலிருந்து மொத்தமாக மறைந்துவிடும்.

கிராஃப் என்றவுடன் அச்சு போட்டு வரையும் படம் என்று நினைக்க வேண்டாம். இங்கே கிராஃப் என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து நடக்க முடியுமா என்ற கேள்வியை ஆய்லர் 1736இல் இப்படித்தான் தீர்த்தார், முடியாது என்று. ஒவ்வொரு நிலப்பகுதியிலும் எத்தனை பாலம் சேருகிறது என்று எண்ணினாலே போதும் என்று காட்டினார். மேப்பில் வழி காட்டும் செயலியும் சமூக வலைத்தளத்தில் நண்பர் பரிந்துரையும் இந்தப் புள்ளி, கோடுகளின் மேல்தான் நிற்கின்றன.

நிரூபணம் எழுதவே வரவில்லை. எங்கே தொடங்குவது?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

"அடுத்தடுத்த இரண்டு முழு எண்களைப் பெருக்கினால் இரட்டை எண்தான் வரும் என்று நிறுவுக." முதலில் நிரூபணத்தை மறந்துவிட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். 3 × 4 = 12. 6 × 7 = 42. 9 × 10 = 90. ஆமாம், இரட்டைதான். ஏன்? கொஞ்சம் பார்த்தால் தெரியும், அடுத்தடுத்த இரண்டில் ஒன்று எப்போதும் இரட்டை. இரட்டை எண் என்றால் 2 × ஏதோ ஒன்று. அதை எதனோடு பெருக்கினாலும் அந்த 2 உள்ளேயே இருக்கும். ஆகவே பெருக்கல்பலன் இரட்டை. முடிந்தது. இதை நல்ல வாக்கியங்களில் எழுதினால் அதுவே நிரூபணம். குறியீடுகள் குவிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதில் செய்ததைக் கவனியுங்கள். உதாரணம் பார்த்தோம், காரணம் தேடினோம், "இரட்டை" என்பதன் வரையறையைப் பயன்படுத்தினோம். தடுமாறும் மாணவர் தாளில் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் இருக்காது. வரையறை தெரியாமல் நிரூபணம் எழுத முடியாது. சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் நேரத்தில் வரையறைகளைச் சொந்த வார்த்தையில் எழுதிப் பழகுங்கள். ஒவ்வொரு வரையறைக்கும் பொருந்தும் உதாரணம் ஒன்று, பொருந்தாத உதாரணம் ஒன்று வேண்டும்.

அப்புறம் தொகுத்தறிதல். 1 = 1. 1 + 3 = 4. 1 + 3 + 5 = 9. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வருகின்றன. எப்போதும் வருமா? முதல் க ஒற்றை எண்களின் (க என்பது எத்தனை எண்கள் என்பது) கூட்டுத்தொகை க² என்று ஒரு கட்டம் வரை சரியாக வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஒற்றை எண் 2க + 1. கூட்டினால் க² + 2க + 1, அதாவது (க + 1)². ஒரு கட்டம் சரி என்றால் அடுத்த கட்டமும் சரி. முதல் கட்டம் சரி என்று நேரில் பார்த்தாயிற்று. ஆகவே எல்லாக் கட்டமும் சரி.

ரிகர்ஷன் எழுதியிருக்கிறீர்களா? நின்றுபோகும் நிலை ஒன்று, பெரிய கேள்வியைச் சிறிய கேள்வியாக்கும் படி ஒன்று. தொகுத்தறிதலும் அதே அமைப்புதான். ஒன்று புரிந்தவருக்கு மற்றது பாதி புரிந்த மாதிரி. இந்தத் தொடர்பை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் பயம் குறையும், ஆனால் இரண்டும் வேறு வேறு பாடத்தில், வேறு வேறு ஆசிரியரிடம் வருவதால் சொல்லாமலே போய்விடுகிறது.

அல்காரிதம் வகுப்பில் மடக்கை வந்தவுடன் எனக்கு எதுவும் ஓடுவதில்லை. அது எவ்வளவு தெரிய வேண்டும்?

மிகக் கொஞ்சம். மடக்கை அட்டவணை எல்லாம் தேவையில்லை. "ஓர் எண்ணைப் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் 1ஐத் தொட எத்தனை முறை ஆகும்?" இந்தக் கேள்விக்கு விடைதான் இங்கே வரும் மடக்கை. 1024ஐப் பாதியாக்கினால் 512, 256, 128 என்று போய்ப் பத்தாவது முறை 1 வரும். 10 லட்சத்துக்கு ஏறக்குறைய 20 முறை. வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒரு பெயரை, நடுவில் பார்த்துப் பாதியைத் தள்ளிவிட்டுத் தேடும் பைனரி சர்ச் 20 ஒப்பீட்டில் கண்டுபிடிப்பது இதனால்தான்.

இதன் பலனை எண்ணில் பார்த்தால் மறக்காது. 10 லட்சம் எண்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் முறைக்குச் சுமார் 10 லட்சம் × 10 லட்சம் வேலை, அதாவது 1 லட்சம் கோடி. பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்திச் சேர்க்கும் மெர்ஜ் சார்ட் 10 லட்சம் × 20 என்ற கணக்கில் 2 கோடி வேலையில் முடிக்கும். நொடிக்கு 10 கோடி வேலை செய்யும் இயந்திரம் என்று வைத்தால், முதலாவது 10,000 நொடி, இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது 0.2 நொடி. இயந்திரம் அதேதான், வித்தியாசம் முழுக்கக் கணக்கில் இருக்கிறது.

கால்குலஸ் எதற்கு? அதை எங்கேயும் பயன்படுத்தப் போவதில்லையே?

வெப் செயலி எழுதுகிறவர் பல வருடம் கால்குலஸ் பக்கமே போகாமல் இருக்கலாம், உண்மை. மெஷின் லேர்னிங், கிராஃபிக்ஸ், சிமுலேஷன் பக்கம் போகிறவருக்கு அது கட்டாயம். மெஷின் லேர்னிங்கில் வரும் நியூரல் நெட்வொர்க்கின் பயிற்சி என்பதே, பிழை எந்தத் திசையில் குறையும் என்று வகைக்கெழுவால் (ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்வது) கண்டுபிடித்து அந்தத் திசையில் சிறிய அடி எடுத்து வைப்பதுதான். எப்படியும் பாடத்திட்டத்தில் இருந்தால் தேறியாக வேண்டும். இதில் தோற்பவர்களின் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் கால்குலஸ் சரியாகத்தான் இருக்கும், அதற்குள் வரும் இயற்கணிதத்தில் சறுக்கியிருப்பார்கள். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கோடு நன்றாக எழுதுவேன், கணக்கு மட்டும்தான் வரவில்லை. அது உதவுமா?

ரொம்பவே உதவும். உங்கள் கையில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது, பயன்படுத்துங்கள். 23 பேர் இருக்கும் அறையில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நிகழ்தகவுப் பாடம் சொல்லும். நம்ப முடியவில்லையா? 23 தேதிகளைத் தற்செயலாக எடுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் லூப் ஒன்றை எழுதி 10,000 முறை ஓட்டுங்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். அதன் பிறகு சூத்திரத்தைப் படித்தால் அது உங்களோடு பேசும். கணங்கள், கிராஃப், அணிகள் (மேட்ரிக்ஸ்) எல்லாவற்றையும் இப்படிக் கோடில் கட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஓட்டிப் பார்த்ததை நிரூபணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0க்கு 41, 1க்கு 43, 2க்கு 47, எல்லாம் பகா எண்கள். 39 வரை ஓட்டினாலும் பகா எண்களே வரும். 40இல் 1681 வரும். அது 41 × 41. நாற்பது முறை சரியாக வந்ததால் எப்போதும் சரி என்று எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும். நிரூபணம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களிடம் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் இது.

வேலைக்குப் போன பிறகு கணக்கு தேவைப்படுமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. திரை வடிவமைப்பு, வெப் செயலி, டெஸ்டிங், சிஸ்டம் நிர்வாகம் போன்றவற்றில் தினசரிக் கணக்கு குறைவு. டேட்டாபேஸில் வேலை செய்பவர் தெரியாமலே கணக் கோட்பாட்டைப் பயன்படுத்துகிறார். 1970இல் எட்கர் காட் முன்வைத்த, தகவலை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாடல் அதிலிருந்து பிறந்ததுதான். கேம் இயந்திரத்தில் ஒரு பொருளைத் திருப்ப அணிப் பெருக்கல் வேண்டும். டேட்டா சயின்ஸில் புள்ளியியல் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. தகவலை மறைத்து அனுப்பும் கிரிப்டோகிராஃபியில் 1977இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை முழுக்க மீதி எண்கணிதம்.

குறைவு என்ற இடத்திலும் எண்ணைப் பற்றிய விழிப்பு வேண்டும். ஜாவா நூலகத்தின் பைனரி சர்ச்சில் பல வருடம் யார் கண்ணிலும் படாத பிழை ஒன்று இருந்தது. 2006இல்தான் அது பரவலாகப் பேசப்பட்டது. தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடித்தார்கள். காகிதத்தில் இது சரி. 32 பிட் எண்ணில் 2,147,483,647க்கு மேல் இடமில்லை. தேடும் அணிவரிசை (அர்ரே) மிகப் பெரிதாக இருந்தால் கூட்டுத்தொகை அதைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். இதைப் பிடிக்க உயர்கணிதம் வேண்டாம். இத்தனை பிட்டில் எவ்வளவு பெரிய எண் அடங்கும் என்ற உணர்வு வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் ஏறவில்லை.

உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். தீர்த்துவைத்த கணக்கைக் கண்ணால் படித்துத் தலையாட்டுகிறீர்களா? வீடியோவில் யாரோ போடுவதைப் பார்க்கிறீர்களா? அந்த நேரத்தில் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவைத்துவிட்டு வெற்றுத் தாளில் போட்டால்தான் உண்மை தெரியும்.

நான் சொல்லும் முறை இது. தீர்த்த உதாரணம் ஒன்றை வரி வரியாகப் படியுங்கள், ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் முந்தைய வரியிலிருந்து வருகிறது?" என்று ஓரத்தில் எழுதுங்கள். மூடுங்கள். தனியாகப் போடுங்கள். மாட்டினால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அடுத்த நாள் அதே கணக்கு, பார்க்காமல். ஒரு வாரம் கழித்து மறுபடி. படித்தது முதல் ஒரு நாளுக்குள்தான் மிக வேகமாக மறந்துபோகும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்மேல் சோதனை செய்து எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்ப எடுப்பதுதான் அதற்கு மருந்து. ஞாயிறு ஒரே நாளில் ஏழு மணி நேரம் படிப்பதைவிடத் தினம் ஒரு மணி நேரம் மேல்.

தவறுக்கென்று தனி நோட்டு வையுங்கள். என்ன கணக்கு, எந்த வரியில் தவறு, ஏன். சில வாரத்தில் ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். எதிர்மறைக் குறியை அடைப்புக்குள் கொண்டுபோக மறப்பது, பின்னத்தில் பாதியை மட்டும் சுருக்குவது, இப்படி ஏதாவது இருக்கும். "எனக்குக் கணக்கே வராது" என்ற பெரிய பூதம் மூன்று நான்கு குறிப்பிட்ட பழக்கங்களாகச் சுருங்கிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தலாம்.

பழைய பாடத்தைப் பிடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

பின்னம் முதல் மடக்கை வரை விட்டுப்போனதை ஒரு நீண்ட விடுமுறையில், தினமும் உட்கார்ந்தால், பிடித்துவிடலாம். பள்ளிப் புத்தகமே போதும், கீழ் வகுப்புப் புத்தகத்தை எடுக்க வெட்கம் வேண்டாம். நிரூபணம் எழுதும் பழக்கம் அப்படி வராது. அதற்கு ஒரு செமஸ்டராவது ஆகும், நடுவில் நிறைய எழுதி, திருத்தி வாங்க வேண்டும்.

ஏஐ கருவியிடம் கேட்டு வீட்டுப்பாடம் போடலாமா?

விடை வாங்க வேண்டாம். உங்கள் தீர்வைக் கொடுத்து "எந்த வரியில் தவறு, விடை சொல்லாதே" என்று கேளுங்கள், அல்லது அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கேளுங்கள். அதுவும் தவறான நிரூபணத்தை மிகுந்த நம்பிக்கையோடு எழுதும், ஆகவே ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படியுங்கள். அந்தச் சந்தேகம் நல்ல பயிற்சி.

வீட்டில் போட வருகிறது. தேர்வு அறையில் எல்லாம் மறந்துவிடுகிறது.

பயப்படும்போது மனம் கவலையையும் கணக்கையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. இடைநிலை எண்களை வைத்துக்கொள்ளும் இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. எனவே மனதில் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் தாளில் இறக்குங்கள். தாள் கைக்கு வந்ததும் மறந்துவிடுவோமோ என்று பயப்படும் சூத்திரங்களை ஓரத்தில் எழுதிவிடுங்கள், எளிய கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வீட்டிலும் கடிகாரம் வைத்து, புத்தகம் மூடி, பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பழகுங்கள். சூழ்நிலை பழகினால் பயத்தின் கூர் மழுங்கும்.

இத்தனைக்குப் பிறகும் எண்களைப் படிப்பதே குழப்பமாக, இலக்கங்கள் இடம் மாறி, நேரம் பார்ப்பதும் சில்லறை எண்ணுவதும் சிறு வயதிலிருந்தே கடினமாக இருந்தால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுத்திறனோடு அதற்குத் தொடர்பில்லை. நிபுணரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சான்று இருந்தால் கூடுதல் நேரம் போன்ற சலுகை தரும் கல்லூரிகள் உண்டு.

ஆசிரியரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. "இதுகூடத் தெரியாதா" என்பார்களே?

"எனக்கு எதுவும் புரியவில்லை" என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. உங்கள் தாளோடு போங்கள். "இந்த வரி வரை எனக்குப் புரிகிறது. இங்கிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தது?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிற மாணவரை ஆசிரியருக்குப் பிடிக்கும். அப்படியும் ஒருவர் மட்டம் தட்டினால் வேறு ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ போங்கள், கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரே பாடத்தில் திணறும் இருவர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் கரும்பலகையில் விளக்கிப் பார்ப்பதும் நல்ல வழி. விளக்கும்போது எங்கே தடைபடுகிறதோ அங்கேதான் புரியவில்லை.

ஒரு கணக்குப் பாடத்தில் தோற்றுவிட்டேன். படிப்பை மாற்றிவிடலாமா?

ஒரு தோல்வியை வைத்து மாற்ற வேண்டாம். திருத்திய விடைத்தாளைப் பார்க்க அனுமதி உண்டென்றால் கட்டாயம் பாருங்கள், மதிப்பெண் எங்கே போனது என்று பிரித்து எழுதுங்கள். மறுபடி எழுதும் செமஸ்டரில் மற்ற பாடங்களின் சுமையைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். டிஸ்க்ரீட் மேத்ஸ் பாக்கி இருக்கும்போது அல்காரிதம் எடுக்க விதிகள் அனுமதித்தாலும் எடுக்காதீர்கள். ஒரு தோல்வி இரண்டாகிவிடும்.

மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை வேறு. கணக்கு மட்டுமல்லாமல் கோடும் பிடிக்கவில்லை, ஒரு பிழையோடு ஒரு மணி நேரம் உட்காருவதே தண்டனையாக இருக்கிறது, யாரோ சொன்னார்கள் என்பதற்காகச் சேர்ந்தீர்கள் என்றால், அதை வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். கோடு பிடிக்கும், தேற்றமும் நிரூபணமும்தான் வேண்டாம் என்பவர்களுக்குத் தகவல் அமைப்புகள், மென்பொருள் பயன்பாடு, வெப் வடிவமைப்பு போன்ற பக்கத்துப் படிப்புகள் உண்டு. அவற்றில் கணக்கு பொதுவாகக் குறைவு. முதல் வருடம் முடிவதற்குள் மாறினால் இழப்பு குறைவு, எடுத்த பாடங்களில் சில புதிய படிப்பிலும் கணக்கில் சேரும். மாறுவதற்கு முன் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.